கடைசி ஆட்டுக்குப் பின்னால்

எங்கள் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பயணத்தைக் கேட்டுத் தொரட்டியைக் கையில் எடுத்திருப்பார். விருதுநகர் பக்கத்துக் கரிசல்காட்டில் கிடை போட்டுப் பிழைத்தவர் அவர். நாய் விஷயத்தில் அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். "ஆட்டை வெரட்டுற நாய் கிடைநாய் இல்லடா, களவாணி நாய்." அப்படி ஒரு நாயைக் கிடையில் ஒரு ராத்திரிகூடத் தங்கவிட மாட்டார். அவருடைய பேரன் நான், ஒரு நாய் ஆட்டை விரட்டுமா விரட்டாதா என்று பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறினேன்.

நாய் என் அக்காவுடையது. பெயர் மிளகு. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு போட்டதுபோல் பட்டை, வால்நுனியில் கொஞ்சம் வெள்ளை. பார்டர் கோலி இனம். எலகங்காவில் ஓர் அடுக்ககத்தின் 7-ஆவது மாடியில் இரண்டரை வருஷமாகக் குடியிருக்கிறது. அக்காவும் அத்தானும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அக்கா மகள் பள்ளிவிட்டு நாலு மணிக்கு வருவாள். அதுவரை மிளகு தனி.

பிரச்சினை இதுதான்: வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்காரும்வரை அது உட்காராது. அத்தான் எழுந்து பால்கனிக்குப் போனால் பின்னாலேயே போய், முழங்காலுக்குப் பின்பக்கம் மூக்கால் முட்டி, திரும்பக் கூட்டி வரும். கீழே விளையாடும் பிள்ளைகள் சிதறி ஓடினால் அதற்குப் பொறுக்காது. வளைத்து வளைத்து ஓடி எல்லோரையும் சறுக்குமரத்தடியில் சேர்த்துவிடும். சேராத பிள்ளையின் குதிகாலில் ஒரு சின்னக் கவ்வு. பல் பதியவில்லை. ஆனாலும் குடியிருப்போர் சங்கத்தில் புகார் ஆகிவிட்டது. நாய் பழக்க வந்த ஒருவர்தான், "ஒரு தடவை ஆட்டுக்கு முன்னால விட்டுப் பாருங்க. பிறவிக்குணம் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

வெளிநாடுகளில் இதற்கென்றே சோதனை உண்டு. சின்ன அடைப்பு, நாய்க்குப் பழகிய மூன்று நான்கு ஆடுகள், நீளக் கயிற்றில் நாய், பார்த்து மதிப்பிட ஒருவர். நம் பக்கம் நாய்க்குப் பழகிய ஆட்டுக்கு எங்கே போவது? அத்தானோடு வேலை பார்ப்பவருக்கு ஹெசரகட்டா பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. ராகி அறுத்த கையோடு சிரா பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அதில் கிடை போட்டிருந்தார். அக்கா போனில் சொன்னாள்: "தம்பி, நீ வாடா. ஆட்டைப் பத்தி வீட்டுல தெரிஞ்சவன் நீதான்." எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்து வயதுவரை தாத்தாவின் கிடையில் தூங்கியதுதான். இருந்தாலும் போனேன்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் அரக்கோணத்தைத் தாண்டும்போது இடதுபக்க ஜன்னலில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தேன். அங்கிருந்து செங்கல்பட்டுக்குப் பிரியும் கிளைப்பாதையில்தான் தக்கோலம். 949-இல் அங்கே நடந்த போரில் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மடிந்தான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்ட கங்க அரசன் பூதுகன் கையால் அந்தச் சாவு வந்தது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக ஆசை. சோழனுக்காக இல்லை. அந்தக் கல்லில் ஒரு நாய் இருக்கிறது.

பெங்களூருக்குள் நுழைந்தால் ஊர்ப்பெயர்களிலேயே ஆட்டு வாசனை அடிக்கும். நகரின் மேற்கே குருபரஹள்ளி என்று ஒரு பகுதி. குருபர் என்றால் ஆடு மேய்ப்பவர்கள். கன்னடத்தில் செம்மறிக்குக் 'குரி'. மாகடி சாலையில் கொல்லரஹட்டி. கொல்லர் என்றதும் நமக்கு உலைக்களம் ஞாபகம் வரும்; அங்கே அது மாடும் ஆடும் வளர்க்கும் இடையர் சமூகத்தின் பெயர். 'ஹட்டி' வேறொன்றும் இல்லை, நம் 'பட்டி'. தமிழின் பகரம் பல சொற்களில் கன்னடத்தில் ஹகரம் ஆகிவிடும்: பால் ஹாலு, பசு ஹசு, பட்டி ஹட்டி. ஆட்டுப்பட்டி இருந்த இடமெல்லாம் பேருந்து நிறுத்தமாகிவிட்டது. பெயர் மட்டும் அடைபடாமல் வெளியே நிற்கிறது.

ஞாயிறு காலை முதலில் கப்பன் பூங்காவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாய் வளர்ப்பவர்கள் அங்கே கூடுவது பெங்களூரில் வழக்கமாகிவிட்ட ஒன்று. பெங்களூர்க் குளிரே போதாமல் மூச்சு வாங்கும் ஹஸ்கி, பாப் வெட்டிய ஷிட்சூ, யாரைக் கண்டாலும் வாலாட்டும் லாப்ரடார். கூட்டத்தில் தனியாக, ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக ஒரு முதோல் நின்றது. பாகல்கோட்டை மாவட்டத்து வேட்டைநாய். 2005-இல் அஞ்சல் துறை நாட்டுநாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது முதோலும் நம் ராஜபாளையமும் அதில் இடம்பெற்றன. அந்த முதோல் தூரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிளகு அணிலைப் பார்க்கவே இல்லை. கூடியிருந்த நாய்களை வட்டம் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லாப்ரடார் வட்டத்தை விட்டு வெளியே போனால் குனிந்து, முன்கால் நீட்டி, கண்ணை அதன்மேல் நட்டு நிற்கும். லாப்ரடாருக்கு ஒன்றும் புரியாது. விளையாட்டு என்று நினைத்து மேலே வந்து விழும். மிளகு அலுத்துப்போய் மறுபடி சுற்றும். ஆட்டம் தெரியாதவர்களோடு ஆட வந்தவன் முகம் அதற்கு.

பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலையில்தான் அரசு அருங்காட்சியகம், செக்கச்செவேல் என்ற பழைய கட்டடம். மிளகை அத்தானிடம் விட்டுவிட்டு அக்காவும் நானும் அக்கா மகளும் உள்ளே போனோம். ஆத்தகூர்க் கல்வெட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஆத்தகூர் மண்டியா மாவட்டத்தில் மத்தூர் பக்கம் இருக்கும் ஊர். கல்லில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

கதை இது. தக்கோலப் போரில் பூதுகனோடு நின்று வீரம் காட்டியவன் மணலேரன். மனம் மகிழ்ந்த பூதுகன், "வேண்டியதைக் கேள்" என்றான். ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. அரசனின் வேட்டைநாயைக் கேட்டான் மணலேரன். அந்த நாயின் பெயர் காளி. பிறகு ஒருநாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் காளியை ஏவிவிட்டார்கள். நாயும் பன்றியும் சேர்ந்தே செத்தன. நாய்க்குக் கல் நட்டார்கள், கோயில் முன்னால் நிலம் விட்டார்கள். அந்த நிலத்தை அனுபவிக்கும் பூசாரி கல்லைப் பூசிக்காமல் சாப்பிட்டால் நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்றும் வெட்டி வைத்தார்கள். பூசாரியைக் கல்வெட்டு 'கொரவன்' என்கிறது. அந்தச் சொல்லை அன்று சாயங்காலமே மறுபடி கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

"நாய் என்ன பாவம் செஞ்சது மாமா?" என்றாள் அக்கா மகள்.

"கொன்னுச்சுல்ல."

"மிளகு கொல்லாது."

அவள் சொன்னதில் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் நாய்களின் வேலைகளை ஆராய்ந்து அதைத்தான் விளக்கினார். ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி. இரையைக் கவனிக்கும், கண்ணை நடும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், கிழிக்கும். மனிதன் நாயை வளர்த்தபோது அந்தச் சங்கிலியை வேலைக்குத் தகுந்தபடி வெட்டிக்கொண்டான். காளிக்குச் சங்கிலி கடைசிவரை இருந்தது. பார்டர் கோலிக்குக் கண்ணும் பதுங்கலும் துரத்தலும் மட்டும் மிகையாக வளர்ந்து, கவ்வலோடு மங்கிவிட்டது. அந்த நாய் மேய்ப்பதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது முடிக்கத் தெரியாத ஒரு வேட்டையைத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருக்கிறது. கிடைநாய்க்கோ அந்தச் சங்கிலியே பெரும்பாலும் உறங்கிவிடும். குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாகக் கிடந்து வளர்ந்த அதற்கு ஆடு இரையாகவே தெரியாது. தாத்தாவின் சட்டம் இதே பாடத்தைத்தான் சொன்னது, கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். எலகங்கா தாண்டி ராஜானுகுண்டே வரை கட்டடங்கள் விடவில்லை. பிறகு சாலை இடதுபக்கம் ஒடிந்ததும் திடீரென்று வானம் பெரிதாயிற்று. ஹெசரகட்டா ஏரி 1894-இல் பெங்களூரின் குடிநீருக்காக ஆர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டியது. ஏரியைச் சுற்றி மரமில்லாத புல்வெளி. பெங்களூர் விளிம்பில் இப்படி ஒரு புல்வெளி எஞ்சியிருப்பதே ஆச்சரியம். வழியெல்லாம் ராகி அறுத்த தாள். இடையிடையே ஊடுபயிராகப் போட்ட அவரை இன்னும் பூவும் பிஞ்சுமாக நின்றது. அவரைக்காய்ப் பருவத்தில் பெங்களூர்க்காரர்கள் எல்லாவற்றிலும் அவரைப் பருப்பைப் போடுவார்கள், உப்புமாவில்கூட. காற்றில் அந்த வாசனை இருந்தது.

கிடையை முதலில் மூக்குதான் கண்டுபிடித்தது. புழுக்கையும் மூத்திரமும் கம்பளி எண்ணெய்ப்பசையும் கலந்த வாடை. முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்து என்னை அறைந்தது. தாத்தா காலத்தில் முள்வேலி அல்லது மூங்கில் தட்டி. இங்கே நீல நைலான் வலையைக் குச்சி நட்டுச் சதுரமாகக் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம், மூன்று கல் அடுப்பு, குட்டிகளைக் கவிழ்த்து வைக்க மூங்கில் கூடைகள். கூடாரத்து நிழலில் கறுப்பு நாட்டுநாய் ஒன்று படுத்திருந்தது. பெயர் கரியா. எங்களைக் கண்டதும் இரண்டு தரம் குரைத்தது. எழுந்திருக்கவில்லை.

மந்தை இன்னும் வரவில்லை. கூடாரத்தில் இருந்த அம்மா எவர்சில்வர் டம்ளரில் தேநீர் கொடுத்தார். ஐந்தரை மணிக்குத் தூசி தெரிந்தது. முன்னால் பெரியவர் நடந்து வந்தார். தலையில் துண்டு, தோளில் கறுப்புக் கம்பளி, கையில் கோல். அவருக்குப் பின்னால், பிரித்துவிட்ட பஞ்சுப்பொதி உருண்டு வருவதுபோல், முந்நூறு உருப்படி இருக்கலாம். கறுப்பும் பழுப்புமாகச் செம்மறிகள், வெள்ளாடு நாலைந்து. எல்லாவற்றுக்கும் பின்னால், நொண்டி வந்த ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டும் அன்று மதியம் பிறந்த குட்டியைக் கையில் வைத்துக்கொண்டும் இன்னொரு பெண். பெரியவரின் மருமகள்.

அக்கா கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் மிளகை மேலும் கீழும் பார்த்தார்.

"கச்சுத்தா?" என்றார். கடிக்குமா?

"இல்ல தாத்தா" என்றாள் அக்கா. தெற்குக் கன்னடத்திலும் தாத்தா ஏறக்குறைய தாத்தாதான்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் இருந்தது. இந்தப் பயணத்தில் தெருநாய்க்கூட்டம் ஒன்று ராத்திரியில் வலையைத் தாண்டிக் குதித்து ஐந்து ஆட்டைக் குதறிவிட்டதாம். ஊர்ப்பக்கம் ஓநாய் வரும், கன்னடத்தில் 'தோளா'. அது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். வயிறு நிறைந்தால் நிற்கும். நகரத்து நாய் பசிக்குக் கடிப்பதில்லை, விளையாட்டுக்குக் கடிக்கிறது என்றார். அக்கா மொழிபெயர்க்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

சினை ஆடு வேண்டாம், குட்டி வேண்டாம், நாய் கயிற்றிலேயே இருக்க வேண்டும், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று பேசி முடித்தோம். ஆட்டுக்கு ஏதாவது ஆனால் விலை கொடுப்பதாக அத்தான் சொன்னார். பெரியவர் வலைக்கு வெளியே இன்னொரு வலையால் சின்ன அடைப்புப் பின்னி, வாட்டசாட்டமான ஆறு மறிகளை மட்டும் உள்ளே விட்டார். மிளகின் கழுத்தில் முப்பதடிக் கயிறு. கயிற்றின் மறுமுனை என் கையில். அக்கா மகள் நடுவில் நின்றாள், ஏனென்றால் மிளகு அவள் பேச்சைத்தான் கேட்கும்.

முதல் ஐந்து நிமிஷம் அவமானம். மிளகு ஆடுகளைப் பார்க்கவே இல்லை. தரையை முகர்ந்தது. பிறகு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும், ஆட்டுப் புழுக்கையைத் தின்னத் தொடங்கியது. "இதுக்காடா வந்தோம்" என்றாள் அக்கா. இந்தச் சோதனை நடத்துகிறவர்கள் இதை எதிர்பார்ப்பார்கள். மனசுக்குள் பதற்றம் இருக்கும் நாய் வேறெதையோ செய்வதுபோல் பாவனை பண்ணும், நேர்முகத் தேர்வில் சட்டைப் பொத்தானைத் திருகுகிற மாதிரி. அதனால் காத்திருந்தோம்.

ஒரு மறி கூட்டத்தைவிட்டு வலையோரமாக ஓடியது.

புழுக்கை தின்ற நாயைக் காணோம். அதே தோலுக்குள் வேறொரு பிராணி இருந்தது. தலை தோளுக்குக் கீழே இறங்கிற்று. வால் தொங்கிப் பின்னங்காலோடு ஒட்டியது. நேராகப் பாயவில்லை. ஆட்டைவிட்டு விலகி, ஒரு பெரிய வளைவாக ஓடி, ஓடிய மறிக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தது. மறி திரும்பி ஐந்தோடு சேர்ந்தது. மிளகு எழுந்து நாலடி வைத்தது. ஆறும் ஒட்டிக்கொண்டு நாலடி நகர்ந்தன. சத்தமே இல்லை. ஒரு குரைப்புகூட இல்லை.

"நீ வலப்பக்கம் நட" என்று அக்கா மகளிடம் சொன்னேன். நடந்தாள். மிளகு இடப்பக்கம் போனது. அவள் நின்றால் அது நின்றது. அவள் எங்கே நின்றாலும் ஆடுகளுக்கு நேர் எதிர்ப்பக்கம், கடிகாரத்தில் அவள் ஆறு என்றால் அது பன்னிரண்டு. இதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. அதன் தாயும் ஆட்டைப் பார்த்திருக்காது. இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லையில் 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரு நாயின் இரத்தம்தான் இன்று உலகத்துப் பார்டர் கோலிகளில் ஓடுகிறது என்பார்கள். குரைக்காமல், கண்ணாலேயே ஆட்டை நகர்த்தியதில் பேர்போனது அது. நூற்று முப்பது வருஷம் கடந்து, ஏழாவது மாடியில் தயிர்ச்சோறு தின்று வளர்ந்த ஒன்றின் முதுகெலும்பில் அது இன்னும் படுத்திருந்ததை ஹெசரகட்டா வெயிலில் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு மிளகு தப்புப் பண்ணியது. ஆறில் பெரிய மறி ஒன்று திரும்பி, முன்காலைத் தரையில் தட்டி, தலையைத் தாழ்த்தியது. எதிர்த்து நிற்கும் ஆட்டை மிளகு இதுவரை கண்டதில்லை. ஒரு கணம் உறைந்தது. அடுத்த கணம் பாய்ந்து தொடைக் கம்பளியைக் கவ்விவிட்டது. நான் கயிற்றை இழுப்பதற்குள் பெரியவர் உதட்டை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார்.

நீளமான, கடைசியில் மேலே வளைகிற சீழ்க்கை. பெரிய அடைப்பில் இருந்த முந்நூறும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. சின்ன அடைப்பில் இருந்த ஆறும் நாயை மறந்து, பெரியவர் நின்ற பக்கத்து வலையில் போய் முட்டி நின்றன. மிளகின் வாயில் ஒரு சிட்டிகைக் கம்பளி. ஆட்டுக்குக் காயமில்லை, பெரியவர் உள்ளே வந்து மயிரை விலக்கி விரலால் தடவிப் பார்த்தார். மிளகு அப்படியே உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவர் உதட்டையே பார்த்தது.

நற்றிணையில் ஒரு முல்லைப் பாட்டில் மழைக்கால இரவில் கோலூன்றித் தனியே நிற்கும் இடையன் ஒருவன் வருவான். அவன் வாய் மடித்து விடும் சீழ்க்கையில் மந்தை அங்கங்கே அடங்கி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதைக் கவிஞரின் கற்பனை என்று கடந்திருந்தேன். அன்று கண்ணால் பார்த்தேன். அந்தப் பாட்டிலும் ஆட்டைத் திருப்ப நாய் இல்லை.

இருட்டியதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ராகி முத்தையும் அவரைக் குழம்பும் கொடுத்தார்கள். நான் கேட்டேன்: "உங்களுக்கு இப்படி ஒரு நாய் இருந்தா வசதிதானே? ஓட வேண்டாமே?"

பெரியவர் யோசித்தே பதில் சொன்னார். இந்த நாய் இனம் பிறந்த நாட்டில் ஆட்டை எப்படி மேய்க்கிறார்கள் என்று முதலில் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே ஆட்டை மலையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அது வாரக்கணக்கில் தானே மேயும். மயிர் கத்தரிக்கவோ விற்கவோ வேண்டும்போது போய்ச் சேர்த்துக் கூட்டி வருவார்கள். மலை முழுக்கச் சிதறிக் கிடப்பதைச் சேர்க்க ஒரு மனிதனால் முடியாது, அதற்குத்தான் நாய்.

"ஓ" என்றார் பெரியவர். பிறகு அக்காவிடம் சொன்னதை அவள் அப்படியே தமிழில் சொன்னாள்: "விட்டுட்டுப் போறவனுக்குத்தான் கூட்டிட்டு வர நாய் வேணும். நாங்க விட்டுட்டே போறதில்லையே."

உண்மைதான். தாத்தாவும் அப்படித்தான். பகலில் ஆட்டோடு நடப்பார், ராத்திரி ஆட்டோடு படுப்பார். இரண்டு பக்கமும் வேலியில்லாத வெள்ளாமை. நடுவில் ஒற்றையடித் தடம். அங்கே நாயை விட்டு விரட்டினால் ஆடு மிரண்டு கம்மங்கொல்லையில் பாயும். பொழுது விடிந்தால் பஞ்சாயத்து. அதனால் இடையன் முன்னால் நடப்பான், ஆடு குரலுக்குப் பின்னால் வரும். நாய்க்கு ராத்திரி வேலை. இமயமலைப் பக்கத்து இடையர்கள் சிறுத்தை பிடிக்காமலிருக்க நாயின் கழுத்தில் இரும்பு முள்பட்டை கட்டுகிறார்கள். அங்கேயும் நாய்க்குக் காவல்தான் உத்தியோகம். ஆட்டை ஓட்டுவது நாயின் வேலை என்பதே நாம் படத்தில் பார்த்துப் பழகியது.

கரியா அதுவரை எழுந்திருக்கவே இல்லை. மிளகு கூடாரத்துப் பக்கம் மெல்லப் போய், கவிழ்த்த கூடையை முகர்ந்தது. உள்ளே அன்று பிறந்த குட்டி. கரியா எழுந்தது. உறுமவில்லை. நடந்து வந்து, கூடைக்கும் மிளகுக்கும் நடுவே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். மிளகு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தது. அன்றைய சோதனையில் தேறியது யார் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்து, மைலார சாமி கதைக்குப் போனார். குருபர்கள் கும்பிடும் மைலாரலிங்கனுக்கு நாய்தான் துணை. ஹூவினஹடகலி பக்கம் மைலாரத்தில் திருவிழாவின்போது கறுப்புக் கம்பளி போர்த்திய அடியார்கள் தங்களையே சாமியின் நாய்களாகப் பாவித்து, குரைத்துக்கொண்டு, மண்டியிட்டு, பாத்திரத்தில் வைத்த பாலையும் பழத்தையும் வாயாலேயே உண்பார்கள். அந்த அடியார்களுக்குப் பெயர் 'கொரவர்'. கல்வெட்டில் காளியின் கல்லைப் பூசிக்க வேண்டிய அதே கொரவன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நாயின் பாவத்துக்குப் பயந்தவன், இன்று நாயாகவே இருந்து வரம் கேட்கிறான். அக்கா மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாய் என்ன விலை?" என்றார் பெரியவர் திடீரென்று. அத்தான் சொன்னார். பெரியவர் விரல்விட்டு எண்ணினார். நாலு கிடா விலை. தீனி என்ன என்று கேட்டார். அதையும் சொன்னோம். மருமகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துப் பெரியவர் வேறொன்று சொன்னார். இன்று மாலை மந்தைக்குப் பின்னால் வந்தது மருமகள். முன்பெல்லாம் அது பேரனின் இடம். மந்தைக்கு முன்னால் ஒருவர் போதும். பின்னால்தான் சூட்டிகையான ஆள் வேண்டும். பின்தங்கியதைச் சேர்ப்பது, குட்டியைத் தூக்குவது, சாலையில் லாரி வந்தால் ஓரம் கட்டுவது எல்லாம் பின்னால் வருகிறவனின் பாடு. பேரன் இப்போது தொட்டபள்ளாபுரத்தில் துணிக் கம்பெனியில் இருக்கிறான். "அந்த இடம் காலியாத்தான் இருக்கு" என்று மிளகைப் பார்த்தார். "ஆனா இதுக்குக் கவ்வாம இருக்கச் சொல்லித்தரணும். சொல்லித்தர எனக்கு வயசு இல்ல. இருக்கிறவனுக்கு நேரம் இல்ல."

ஆள் இல்லாத வேலை ஒன்றும் வேலை இல்லாத நாய் ஒன்றும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு மொழி இல்லை. ஸ்காட்லாந்து இடையன் அந்த மொழியை உருவாக்கத் தலைமுறைகள் எடுத்துக்கொண்டான். வலமாகப் போக ஒரு சீழ்க்கை, இடமாகப் போக ஒரு சீழ்க்கை, போதும் என்று சொல்ல ஒரு சொல். பெரியவரிடமும் சீழ்க்கைகள் இருந்தன. அவை எல்லாம் ஆட்டுக்குச் சொன்னவை.

கிளம்பும்போது வரப்பில் ஒற்றை வரிசையாக நடந்தோம். அத்தான் டார்ச் அடித்து முன்னால் போனார். பின்னால் அக்கா, அவள் மகள், நான். மிளகு எனக்கும் பின்னால். செருப்பில் குத்திய முள்ளை எடுக்க நான் நின்றபோது அதுவும் நின்றது. முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஒரு முட்டு. நாங்கள் நாலு பேரும் காருக்குள் ஏறி உட்காரும்வரை வெளியே சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் ஏறியது. வழியனுப்ப வந்த பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். "அதுக்கு நாலே ஆடு" என்றார். "அதையும் காலையில தொலைச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் தேடுது போல."

காரில் யாரும் வெகுநேரம் பேசவில்லை. மிளகின் உதட்டோரத்தில் கறுப்புக் கம்பளி இழை ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா மகள் அதை எடுத்துத் தன் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

சென்னைக்குத் திரும்பிய பத்தாம் நாள் அக்கா போன் செய்தாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டாளாம். சங்கத்துப் புகார் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறன்று மிளகைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஹெசரகட்டாவுக்குப் போயிருக்கிறாள். கிடை அடுத்த நிலத்துக்கோ அடுத்த ஊருக்கோ பெயர்ந்துவிட்டது. கூடாரம் இல்லை, கரியா இல்லை. மூன்று கல்லும் சாம்பலும் இருந்தன. வலை கட்டியிருந்த இடத்தில் மட்டும் புழுக்கையும் மூத்திரமும் ஊறி, மண் சதுரமாகக் கறுத்துக் கிடந்தது.

"கயித்தை அவுத்துவிட்டேன்டா. அந்தச் சதுரத்துக்குள்ள ஒரு தடவைகூடக் கால் வைக்கல" என்றாள். "ஓரமாவே சுத்திச் சுத்தி ஓடிச்சு. மூணு சுத்து. அப்புறம் நான் நிக்கிறதுக்கு நேர் எதிரே போய்ப் படுத்துக்கிச்சு."